ஊரே நாக்கை நீட்டிய காலை

சரசக்கா நாக்கை நீட்டினார்.

நடுத்தெருவில், இடுப்பில் காலிக் குடத்தோடு, என் முகத்துக்கு நேராக நீட்டினார். "பாரு அம்மிணி, நல்லாப் பாரு. வந்துருச்சா?"

வந்திருந்தது. நுனியிலிருந்து பாதி நாக்கு வரை நல்ல அழுத்தமான நீலம். மை பேனாவைக் கடித்த பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி இருந்தார்.

"வந்துருச்சுங்க்கா."

"அப்ப எனக்கு மருந்து ஏறிருச்சு." திருப்தியாகத் தலையாட்டியவர், அடுத்த மூச்சில் குரலை உயர்த்தினார். "எங்க மேட்டுத் தெருவுக்கு மட்டும் ஏன் மருந்து வரலை? இந்தக் கோயில் தெருவுல பொறந்த கொழந்தை வரைக்கும் நாக்கு நீலமா நிக்குது. எங்க புள்ளைக என்ன பாவம் பண்ணுச்சு? நானே இவ்வளவு தூரம் எறங்கி வந்து குடிக்க வேண்டியிருக்குது!"

"அது மருந்து இல்லைங்க்கா!"

என் பேச்சு யார் காதிலும் விழவில்லை. கோயில் தெருவே வாசலில் நின்று ஒருவர் வாயை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தது. ஒருவர் தன் மனைவியின் தாடையை இரண்டு விரலால் பிடித்து, லேசாக அமுக்கி, வாயைத் திறந்து வெளிச்சத்துக்குத் திருப்பினார். கோழியின் அலகைத் திறக்கிற அதே பிடி. அந்தம்மாவும் கோபப்படாமல் திறந்து காட்டினார். "இவளுக்குப் பத்தலை, இன்னொரு டம்ளர் குடு" என்று உள்ளே பார்த்துச் சத்தம் போட்டார் அவர்.

என் வேலை போய்விட்டது என்று முடிவு செய்துகொண்டேன். வீட்டுக்கு என்ன சொல்வது என்றுகூட யோசித்துவிட்டேன்.

நீலம் என்றால் என்ன

முட்டைக்கோழிப் பண்ணைப் பக்கம் போகாதவர்களுக்குச் சொல்கிறேன். ஆயிரக்கணக்கான கோழிகளை ஒவ்வொன்றாகப் பிடித்து ஊசி போட்டுக்கொண்டிருக்க முடியாது. சில தடுப்பு மருந்துகளைக் குடிதண்ணீரிலேயே கலந்துவிடுவார்கள். கூடவே ஒரு நீல மாத்திரை. ஒரு மணி நேரம் கழித்து சூப்பர்வைசர் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கோழியைத் தூக்கி அலகைப் பிரித்துப் பார்ப்பார். நாக்கு நீலமாக இருந்தால் மருந்து உள்ளே போயிருக்கிறது. இல்லை என்றால் அந்தக் கோழி ஏமாற்றிவிட்டது.

சேந்தமங்கலத்துக்குக் கிழக்கே, கொல்லிமலை வீட்டுச் சுவர் மாதிரி நிற்கிற இந்த ஊரில், பண்ணை வேலைக்குப் போகிற ஆள் ஒருவராவது இல்லாத வீடு கிடையாது. நீலத் தண்ணீரைப் பார்த்ததும் வேறு ஊர்க்காரர்கள் பயந்து ஓடியிருப்பார்கள். இவர்கள் பயப்படவில்லை. கவர்மெண்டு கடைசியில் பண்ணை முறைக்கு வந்துவிட்டது, ஊசி போட நர்ஸ் கிடைக்கவில்லை போலிருக்கிறது, அவ்வளவுதான்.

சிவில் படித்து, முதல் வகுப்பில் தேறி, ஊர் ஊராகக் குடிநீர்க் குழாய் பராமரிக்கிற ஒரு காண்ட்ராக்டரிடம் ஜூனியர் எஞ்சினியராகச் சேர்ந்திருந்த எனக்கு, இது மட்டும் தோன்றவே இல்லை.

கை தூக்கும் வியாதி

எல்லாம் ஆரம்பித்தது ஒரு கிராம சபைக் கூட்டத்தில்.

நான் மோகனூர்க்காரி. காவிரிக் கரை. குழாயைத் திருகினால் தண்ணீர் வரும் என்பதை இயற்கை விதி என்று நம்பி வளர்ந்தவள். அப்புறம் நாமக்கல்லில் விடுதியோடு சேர்ந்த பெரிய பள்ளிக்கூடம். அங்கே கற்றது ஒன்றே ஒன்று: கேள்வி முடிவதற்குள் கையைத் தூக்கிவிட வேண்டும். பதில் அப்புறம்.

கூட்டம் பள்ளிக்கூட வராந்தாவில். சுண்டல் வாசமும் பிளாஸ்டிக் நாற்காலிச் சூடும். மேட்டுத் தெருவிலிருந்து சரசக்கா எழுந்தார். நாற்பது வயதிருக்கும். முட்டை அடுக்குகிற வேலை. அதிராமல் பேசுவார்.

"குழாய் போட்டு ரெண்டு வருசமாச்சு. பித்தளைக் குழாய் பளபளன்னு இருக்குது. எங்க ஊட்டுச் சின்னது அதுல துணி காயப் போடுது. தண்ணி எப்பங்க வரும்?"

மேடையில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்து, கடைசியில் என்னைப் பார்த்தார்கள். என் கை ஏற்கெனவே மேலே போயிருந்தது.

"ஏழு நாள்ல வரும்!"

"வரலைன்னா?"

"வரலைன்னா, ஊட்டுக்கு ஒரு குடம் நானே சொமந்துட்டு வந்து தர்றேன்!"

கைதட்டல். எனக்குப் புல்லரித்தது. பக்கத்தில் நின்ற டேங்க் ஆப்பரேட்டர் முருகேசண்ணன் மெதுவாகக் குனிந்தார்.

"மேட்டுத் தெருவுல எத்தனை ஊடுன்னு தெரியுமுங்களா?"

"எத்தனைங்கண்ணா?"

"அம்பத்தி மூணு."

அப்போது நல்லதம்பி அண்ணன் எழுந்தார். ஊருக்கு வெளியே பண்ணை வைத்திருப்பவர். வெள்ளை வேட்டி, பெரிய மனசு. "தண்ணி வர்ற வரைக்கும் ஒண்ணும் ரோசனை பண்ணாதீங்க. எப்பவும் போல சாயங்காலம் என்ற டிராக்டர் டேங்கு வரும். என்ற தரைத்தொட்டியில கன்னிமார் குடுத்த ஊத்து இருக்குது. எந்தக் கோடையிலும் வத்துனதில்லை. தெனம் காலைல ஆறு மணிக்கு ஊற ஆரம்பிச்சா ஏழரை வரைக்கும் நிக்காது. பஞ்சாயத்துத் தண்ணி ஒரு சொட்டு நான் வாங்குனதில்லை!"

உண்மைதான். பண்ணைக்குப் பஞ்சாயத்து இணைப்பே கிடையாது. கோடை முழுக்க மேட்டுத் தெருவைக் காப்பாற்றியது அவருடைய டிராக்டர் டேங்குதான். அதன் வயிற்றில், லாரிக்குப் பெயர் எழுதுகிற ஆர்ட்டிஸ்டைக் கூட்டிவந்து, தாமரைப் பூவுக்கு நடுவில் எழுதியிருந்தார்: உபயம், நல்லதம்பி கோழிப்பண்ணை.

ஆறு மணி என்று அவர் சொன்னதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை. எல்லோரோடும் சேர்ந்து கைதட்டினேன்.

மண்ணுக்கடியில் ஒரு கூட்டுக் குடும்பம்

முருகேசண்ணனை ஒழுங்காக அறிமுகம் செய்ய வேண்டும். காலை ஆறு மணிக்கு வால்வு திறப்பதும், ஏழரைக்கு மூடுவதும் அவர் வேலை. திறக்கிற சாவி ஆள் உயரம். பழைய லாரி ஆக்சில் கம்பியை, லாரிக்கு பாடி கட்டுகிற நாமக்கல் பட்டறையில் கொடுத்து, குறுக்கே கைப்பிடி பற்றவைத்து வாங்கியது. பட்டறைக்காரர் பழக்க தோஷத்தில் அதற்கும் மஞ்சள் பெயின்ட் அடித்து ஒரு ரோஜாப்பூ போட்டுவிட்டார். அதைத் தோளில் போட்டு முருகேசண்ணன் நடந்து வந்தால் ஊர்வலத்துக்குத் திரிசூலம் வருகிற மாதிரி இருக்கும்.

என் கணக்கு சுத்தமாக இருந்தது. மேல்நிலைத் தொட்டியின் உயரம், குழாயின் அகலம், மேட்டுத் தெருவின் ஏற்றம். தண்ணீர் போய்ச் சேர வேண்டும். நோட்டில் போகிறது, தெருவில் போகவில்லை. வழியில் எங்கோ யாரோ குடிக்கிறார்கள்.

"குழாய் மேப் இருக்குங்களாண்ணா?"

முருகேசண்ணன் தன் நெற்றியைத் தொட்டுக் காட்டினார். "இதுக்குள்ள இருக்குது. ஆனா நான் வேலைக்குச் சேர்றதுக்கு முந்திப் போட்டது இதுல இல்லைங்க."

சாலைக்கு அடியில் நாலு தலைமுறைக் குழாய்கள் கூட்டுக் குடும்பமாக வாழ்ந்தன. ஒவ்வொரு திட்டத்திலும் பழையதை எடுக்காமல் பக்கத்திலேயே புதியதைப் போட்டு, எங்கோ ஓர் இடத்தில் இரண்டையும் கோத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். எது உயிரோடு இருக்கிறது, எது செத்தது என்று மேலே நின்று சொல்ல முடியாது.

ஐந்து நாள் தோண்டினோம். ரோட்டோரம் ஏழு இடம். ஈர மண் வாசனை, மண்வெட்டியில் சரளைக்கல் உரசுகிற சத்தம், கிடைத்தது ஒரு லாரி ஸ்பேனரும் யாரோ தொலைத்த ஒற்றை மெட்டியும்.

"எட்டாவது குழியில தண்ணி வருமுங்களா?" என்று கேட்டார் முருகேசண்ணன்.

"வரும்ணா."

"வந்துதான் ஆகோணும். இன்னும் பத்தடி தோண்டுனா போர்வெல் ஆயிருமுங்க."

மேட்டுத் தெருப் பிள்ளைகள் என்னைப் பார்த்ததும் தலையில் கை வைத்து, குடம் சுமக்கிற மாதிரி இடுப்பை ஆட்டி நடந்து காட்ட ஆரம்பித்திருந்தார்கள்.

கோழிக்குப் போடுறது

ஐந்தாம் நாள் மத்தியானம், டீக்கடையில், பண்ணையிலிருந்து வந்த ஒருவர் விரல் நுனியெல்லாம் நீலமாக வடை தின்றுகொண்டிருந்தார். "என்னங்க இது?" என்றேன். நீல மாத்திரையைப் பற்றிச் சொன்னார்.

என் டீ ஆறிவிட்டது. தண்ணீருக்குச் சாயம் போட்டால், அது எங்கே போகிறது என்று தண்ணீரே சொல்லிவிடாதா?

மாத்திரைக்கு யாரிடம் போவது? ஊரில் கேட்டால் இல்லை என்று சொல்லாத ஒரே மனிதரிடம்தான். நல்லதம்பி அண்ணன் தன் பண்ணை ஃபிரிட்ஜைத் திறந்து, மருந்து டப்பாக்களை ஒதுக்கி, ஒரு பெட்டியை எடுத்து நீட்டினார்.

"எத்தனை வேணுமோ எடுத்துக்க சாமி. மேட்டுத் தெருவுக்குத் தண்ணி வந்தாச் சரி."

"மனுசங்க குடிச்சா ஒண்ணும் ஆவாதுங்களே?"

"சாப்புடற கலர்தான். கோழி குடிக்குது, அது போடற முட்டைய நாம தின்னறோம். இத்தனை வருசமா நல்லாத்தானே இருக்கறோம்."

இதை அறிவியல் விளக்கமாக நான் ஏற்றுக்கொண்டேன். யாரும் இப்படிச் செய்து பார்க்க வேண்டாம். அந்த மாத்திரை, மருந்தைக் காப்பாற்றுவதற்காகத் தண்ணீரில் இருக்கிற குளோரினை முறித்துவிடும் என்று எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. தெரிந்த அன்றைக்கே ஒலிபெருக்கி ஆட்டோவில் ஏறி, காய்ச்சிக் குடிக்கும்படி தெருத் தெருவாகக் கத்தினேன். மறுபடி குளோரின் கலந்தோம். ஆபீசிலிருந்து எழுத்து மூலமாக ஒரு திட்டும் வந்தது. முழுக்க எனக்கு உரியதுதான். பத்திரமாக வைத்திருக்கிறேன்.

முன்கூட்டியே அறிவிப்பும் செய்தேன். ஊர் வாட்ஸ்அப் குழுவில், 'நாளை காலை குடிநீர் நீல நிறத்தில் வரும், குடிக்காமல் கீழே விடவும், சோதனைக்காக மட்டும்' என்று போட்டேன். அதற்கு மேலே பிள்ளையார் படம், கீழே ரோஜாப்பூ காலை வணக்கம். யாரும் படிக்கவில்லை. நான் எண்ணிக் கொடுத்த மாத்திரைகளோடு, "கலர் தெரியோணுமில்லைங்க" என்று முருகேசண்ணன் மேல்நிலைத் தொட்டியில் இன்னொரு கை அள்ளிப் போட்டதையும் நான் பார்க்கவில்லை.

பைக்கில் வந்த கோழி

இப்போது மறுபடி கோயில் தெரு. ஆறாம் நாள். ஊரே நாக்கை நீட்டிக்கொண்டு நிற்கிறது.

நான் நோட்டை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன். இனி கத்திப் பயனில்லை. "நாக்கைக் காட்டுங்க" என்றேன், காட்டினார்கள். கோயில் தெரு முழுக்க நீலம். மேட்டுத் தெரு முழுக்கச் சிவப்பு. சரசக்கா ஒருவர்தான் விதிவிலக்கு. நடுவில் ஒரு முந்நூறு அடி, வீடே இல்லாத ரோடு. அந்த முந்நூறு அடியில் தண்ணீர் காணாமல் போகிறது.

அப்போது ஒரு பைக் வந்து நின்றது. நல்லதம்பி அண்ணன். ஒரு கையில் ஹேண்டில்பார், இன்னொரு கக்கத்தில் ஒரு வெள்ளைக் கோழி.

"யாரு? யாரு என்ற பண்ணையில மருந்து உட்டது?"

கோழியைத் தூக்கிப் பிடித்து, இரண்டு விரலால் அலகைப் பிரித்தார். கூட்டம் எட்டிப் பார்த்தது. நீலம்.

"அடுத்த மருந்துக்கு இன்னும் நாள் கெடக்குது! அத்தனை கோழிக்கும் நாக்கு நீலம்! எவன் கலந்தான்?"

கோழி மட்டும் "கொக்" என்றது. எனக்குப் புரியத் தொடங்கியது. முருகேசண்ணனைப் பார்த்தேன், அவர் தன் சாவியின் ரோஜாப்பூவைப் பார்த்தார்.  சரசக்காதான் குடத்தை இறக்கி வைத்தார்.

"ஏனுங்க, உங்களுது கன்னிமார் ஊத்துத் தண்ணிதானுங்களே?"

"ஆமா. அதுக்கென்ன?"

"கன்னிமாருக்கு இந்த மாத்திரைய யாருங்க குடுத்தது?"

நல்லதம்பி அண்ணனின் விரல்கள் கோழியின் அலகை விட்டன. மாத்திரை கொடுத்தது அவரே.

ஆறு மணி ஊற்று

"தொட்டியை இறைச்சு அடியைத் தோண்டிப் பார்க்கோணுமுங்கண்ணா" என்று நான் கேட்டதும் மறுத்துவிட்டார். கோபமாக அல்ல. பயமாக.

தொட்டியின் மூலையில் பூசாமல் விட்ட ஓர் இடம். அங்கேதான் தண்ணீர் ஊறும். அதற்கு நேர் மேலே, சுவரோரம் கன்னிமாராக ஏழு கற்கள், மஞ்சளும் குங்குமமும் பூசி. வெள்ளிக்கிழமை தவறாமல் கற்பூரம். "இந்த எடம் வாங்குனப்ப ஒண்ணுமில்லாத ஆளு நான். இந்த ஊத்தைப் பார்த்துத்தான் பண்ணையே வெச்சேன். அதுல கடப்பாரை போடச் சொல்றியா சாமி?"

ஏழு நாளில் ஒரு நாள்தான் மிச்சம். கணக்கு நோட்டைக் காட்டினேன். அதைக் கண்டுகொள்ளாமல் கற்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மனிதரைத் திருடன் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்று எனக்கே பதைத்தது. திருடுகிற ஆள் இப்படிக் கற்பூரம் காட்ட மாட்டார்.

வழி சொன்னதும் சரசக்காதான். "கடப்பாரை எதுக்குங்க? நாளைக்குக் காலைல முருகேசு வால்வைத் தொறக்க வேண்டாம். சாமி ஊத்தா இருந்தா அது பாட்டுக்கு ஊறட்டும். நாங்க கன்னத்துல போட்டுக்கிட்டு, பழையபடி உங்க டேங்குத் தண்ணியே புடிச்சுக்கறோம்."

நல்லதம்பி அண்ணன் ஒப்புக்கொண்டார்.

ஏழாம் நாள் விடியல். காலியான தொட்டியைச் சுற்றி நாங்கள். கோழிகளின் இரைச்சல், தீவன வாசம், கற்பூரப் புகை. ஆறு மணி. மூலை ஈரமாக மின்னியது, அவ்வளவுதான். ஆறே கால். ஆறரை. நல்லதம்பி அண்ணன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பேரம் பேசுகிற மாதிரி தணிந்த குரலில் சாமியோடு ஏதோ பேசிக்கொண்டிருந்தார். எனக்கு ஜெயிக்க வேண்டும். ஆனால் ஒரு குமிழியாவது வந்துவிட்டால் தேவலை என்றும் இருந்தது.

ஏழு மணிக்கு அவரே சொன்னார். "முருகேசனைத் தொறக்கச் சொல்லு."

போன் செய்தேன். ஐந்து நிமிடம். மூலையில் 'குபுக்' என்றது. பிறகு இரண்டு குமிழி. பிறகு தெளிந்த தண்ணீர், சுழித்துக்கொண்டு, கொஞ்சமும் கூச்சமில்லாமல் வந்தது. கடைசி நீலம் அதில் மெல்லிய நூலாக ஓடியது.

நல்லதம்பி அண்ணன் அதில் கையை நனைத்துப் பார்த்தார்.

"அப்ப இத்தனை நாளா..." என்றார். பார்வை வெளியே நின்ற டிராக்டர் டேங்குக்குப் போனது. தாமரைப் பூ. உபயம். "உங்க தண்ணியவே புடிச்சு, என்ற பேரைப் போட்டு, உங்களுக்கே..."

"கொண்டாந்து குடுத்தது நீங்கதானுங்களே" என்றார் சரசக்கா. "டீசல் உங்களுது, அதுக்கு நாங்க உபயம் போட்டுக்கல. தண்ணிக்கு நீங்க போட்டுக்கிட்டீங்க. செரி உடுங்க."

நல்லதம்பி அண்ணனே கடப்பாரையை எடுத்தார். முதலில் கற்களைக் கும்பிட்டு, ஏழையும் ஒரு தட்டில் எடுத்து வைத்தார். அடியில் இருந்தது உடைந்துபோன ஒரு சிமெண்ட் மாட்டுத்தொட்டி. எந்தக் காலத்திலோ சந்தைக்குப் போகிற மாடுகளுக்காகப் பஞ்சாயத்து கட்டியது. நாலு தலைமுறைக் குழாயில் மூத்தது, அந்த முந்நூறு அடி ரோட்டில் பிரிந்து இங்கே வந்தது, செத்துப்போனதாக எல்லோரும் நம்பியது, தினம் காலை ஆறு மணிக்கு எழுந்து இல்லாத மாடுகளுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தது. வெட்டி, மூடி போட்டு, கான்கிரீட் அடைத்தோம். அது காய்வதற்குள் ஏழாம் நாள் முடிந்துவிட்டது.

அம்பத்தி மூணு

எட்டாம் நாள் காலை ஆறு இருபதுக்கு மேட்டுத் தெருவின் முதல் குழாய் இருமியது. காற்றைத் துப்பியது. துருவைத் துப்பியது. பிறகு தண்ணீர். கடைசி வீடு வரைக்கும். சரசக்கா வீட்டுக் குழாயில் காய்ந்த குட்டிச் சட்டை நனைந்தது, அதை யாரும் எடுக்கவில்லை. நான் குதித்தேன் என்று சொல்கிறார்கள். எனக்கு நினைவில்லை.

சரசக்கா குடத்தைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார்.

"எதுக்குங்க்கா?"

"ஏழு நாளுன்னு சொன்னே. இன்னைக்கு எட்டு."

"அதான் தண்ணி வந்துருச்சுங்களே!"

"தண்ணி வந்துருச்சு. நீ சொன்னது என்னாச்சு?"

ஐம்பத்து மூன்று வீடு. குழாய் கொட்டிக்கொண்டிருக்க, அதே குழாயில் பிடித்து, அதே வீட்டுப் படியில் இறக்கினேன். பெண்கள் வாசலில் உட்கார்ந்து, "இடுப்பை நிமித்து அம்மிணி", "தளும்புது பாரு, எஞ்சினியருங்கறாங்க" என்று யோசனை சொன்னார்கள். பிள்ளைகள் எண்ணினார்கள், நடுவில் வேண்டுமென்றே இரண்டு முறை தப்பாக.

முடிந்ததும் சரசக்கா இன்னொரு குடத்தை நிரப்பினார். "இன்னொண்ணு."

"கணக்கு முடிஞ்சதுங்க்கா!"

"பண்ணைக்கு. அந்த ஏழு பேருக்கு இன்னைக்கு யாரு தண்ணி ஊத்துவாங்க?"

சுமந்தேன். சரசக்காவும் சாவியைத் தோளில் போட்டுக்கொண்டு முருகேசண்ணனும் கூட வந்தார்கள். நல்லதம்பி அண்ணன் தொட்டியோரம் உட்கார்ந்திருந்தார். பண்ணையின் போர்வெல் மோட்டார் பல நாள் தூக்கத்திலிருந்து எழுந்து உறுமிக்கொண்டிருந்தது. ஏழு கற்களும் பழைய இடத்திலேயே இருந்தன, புதிதாக மஞ்சள் பூசி. வெளியே டேங்கில் தாமரைப் பூ இருந்தது. எழுத்தின் மேல் சுண்ணாம்பு அடித்திருந்தார்.

குடத்தை வாங்கி, ஒவ்வொரு கல்லாக ஊற்றினார். அவசரமே இல்லை. ஊற்றி முடித்ததும் எழுந்து, கொட்டகைச் சுவரில் முட்டைத் தட்டுக் கணக்கு எழுதுகிற சாக்பீஸை எடுத்துவந்து, கற்களுக்கு மேலே சுவரில் கோணல் எழுத்தில் எழுதினார்: உபயம், மேட்டுத் தெரு.

சரசக்கா அதை வாய்விட்டுப் படித்தார். பிறகு முருகேசண்ணன் தொண்டையைக் கனைத்தார்.

"நேரத்தையும் போட்டுருங்கண்ணா. காலை ஆறு டு ஏழரை."

நல்லதம்பி அண்ணன் திரும்பி அவரை முறைத்தார். சாக்பீஸைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார்.

அதையும் எழுதினார்.